உள்ளே ஆள் உண்டா

எங்கள் மாமா அழுவதில் கெட்டிக்காரர். அம்மாவின் தம்பி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ கம்பெனியில் வேலை, பி.ஜி. விடுதியில் வாசம். அங்கே போடும் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீராம்புரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். ஒருநாள் சாப்பிடும்போது, மிளகாயைக் கடித்துவிட்டதாகக் கண்ணில் நீர் வழிய அழுதார். நான் பதறிப்போய்ச் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே வெறும் சோறு.

"கண்ல தண்ணி வந்தா வலிக்குதுன்னு அர்த்தமா? எனக்குள்ள வலிச்சுதா இல்லியான்னு உனக்கு எப்பிடித் தெரியும்? உள்ள ஆளே இல்லாம இருக்கலாம். எல்லாருமே அப்பிடித்தான் இருக்கலாம், உன்னைத் தவிர."

சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையை ஏந்தினார்; சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நான்தான்.

மற்றவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கணக்கு மிஸ்ஸுக்குள் யாரும் இல்லையென்றால் சந்தோஷமே. ஆனால் அம்மா? படுக்கும்போது என் தலையைக் கோதிக்கொடுக்கிற அம்மாவுக்குள்ளும் ஒருவரும் இல்லையென்றால், என்னைக் கொஞ்சுவது யார்? அம்மாவைக் கிள்ளிப் பார்த்தேன். 'ஸ்ஸ்' என்று கையை உதறி, என் முதுகில் ஒன்று வைத்தாள். மாமாகூட இப்படிச் செய்திருப்பார் என்பதால் அதை நம்ப முடியவில்லை. நேராகவே கேட்டுவிடலாம் என்று, "அம்மா, உனக்குள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்றேன். அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "எவ சொன்னா உனக்கு?" என்று பக்கத்து வீட்டுப் பக்கம் முறைத்தாள். இப்போது குழப்பம் இரண்டு பேருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் குட்டித் தம்பிக்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது வழக்கம். மாமா பட்டுவேட்டியில் சப்பணமிட்டு உட்கார்ந்து தம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டு, இன்னொன்று பாக்கியிருக்கும்போதே, "ஆய்த்து, ஆய்த்து" என்று எல்லாம் முடிந்துவிட்டதாகக் கன்னடத்தில் பொய் சொன்னார். தம்பி வீறிட்டான். எல்லோரும் அவன் முன்னால் கிலுகிலுப்பை ஆட்டினார்கள். நான் மட்டும் மாமாவைப் பார்த்தேன்.

மாமா அழுதுகொண்டிருந்தார்.

ஊசி போனதோ தம்பியின் காதில். இவர் நடிக்கிறார் என்றால் யாருக்காக? ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. அவரும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தார். நடிப்பில்லை என்றால் அவருக்கு எங்கே வலித்தது? அன்றைக்கு அவர் வாயில் மிளகாயைத் தேடியதுபோல, இன்று அவர் காதுகளை உற்றுப் பார்த்தேன். இரண்டும் பத்திரமாக இருந்தன. எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

"நீ எதுக்குடி காதைப் பிடிச்சிக்கினு நிக்கிற? உனக்குத்தான் எப்பவோ குத்தியாச்சே" என்று அம்மா என் கையை விலக்கினாள்.

அப்போதுதான் கவனித்தேன், என் கை என் காதையே இறுக்கிக்கொண்டிருந்தது. அதை எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை. ஆசாரி அடுத்த காதுக்கு ஊசியை எடுத்தார். கை தானாகவே மறுபடி காதுக்குப் போயிற்று. அதை அங்கேயே வைத்துக்கொண்டு, இவர்களில் யாருக்குள்ளாவது ஆள் இருக்குமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.