கடல் தண்ணீர் சுமந்த தபால்காரர்

பிள்ளைகளே, இறால் பண்ணைகளால் எங்கள் வயல்கள் உப்பாகிவிடும் என்று நாங்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர்த் தபால்காரர் மெலிந்த ஆள். வாரந்தோறும் நாகப்பட்டினத்திலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவருவார். அவர் வீட்டில் இறால் வளர்க்கிறார் என்று தெரிந்ததும் பத்துப் பேர் போய் வாசலில் நின்றோம்.

"எல்லாத்தையும் கொட்டுங்க சார்!" என்றார் எங்கள் விவசாயிகள் சங்கத் தலைவர்.

"என் பண்ணையில மொத்தமே ரெண்டு எறாதாங்க. உள்ள வந்து பாருங்க."

கண்ணாடித் தொட்டியில் இரண்டு சிவப்பு இறால்கள் ஒரு மீனின் மேலிருந்த பூச்சிகளைப் பொறுக்கித் தின்றன.

"இதுல எதுங்க பொம்பள?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஆம்பளதான், ரெண்டும் பொம்பளதான். இந்த ஜாதி எறா அப்படித்தாங்க. ரெண்டுமே முட்டை சுமக்கும். குஞ்சு இந்த வாளியில இருக்கு. மூணு தடவ எல்லாம் செத்துப்போச்சு. இந்தத் தடவயாவது பொழைக்கணும்."

"பழைய தண்ணிய எங்க ஊத்துறீங்க?" என்றார் தலைவர் விடாமல்.

"வயல்லயா ஊத்துவேன்? பஸ்ல கொண்டுபோயி கடல்லயே ஊத்திடுறேன்."

தலைவர் வாளிக்குள் குனிந்தார். கொசுப்புழுவைவிடச் சின்னதாக என்னவோ துள்ளின. எங்கள் பக்கம் திரும்பி, "தள்ளி நில்லுங்கப்பா, குஞ்சுக்குக் காத்து வரட்டும்" என்றார்.

தபால்காரர் அன்று சிரித்த மாதிரி, மணியார்டர் வாங்கியவர்கள்கூடச் சிரித்து நான் பார்த்ததில்லை.