வரைபடத்தில் இல்லாத பென்ஹாலோ

பொழிச்சலூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் மெர்வின் பென்ஹாலோ, அறுபத்தெட்டு வயது, லேத் பட்டறைத் தொழிலாளி. பென்ஹாலோ என்பது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஓர் ஊர்ப்பெயரிலிருந்து வந்த அபூர்வமான குடும்பப்பெயர். அப்பெயருள்ளவர்களை உலக வரைபடத்தில் குறித்துவரும் வெள்ளைக்காரர் ஒருவர் நேற்று வீடியோ அழைப்பில் மெர்வினிடம் பேசினார்; நானும் கூட இருந்தேன். ரத்த உறவு இல்லாததால் மெர்வின் குடும்பத்துக்கு அதில் இடமில்லை என்றார். மகள் ஹெப்சி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

மெர்வின் கொதித்துப்போனார். “எங்க பாட்டனுக்கு ஞானஸ்நானம் குடுத்து தன்னோட பேரையே வெச்சது அவங்க பென்ஹாலோ பாதிரியார்தானே? நாங்க கேட்டோமா? அவருக்குப் புள்ளகுட்டி கெடையாது. அவரு பேர நாங்கதான் சொமந்துகினு வரோம். மழுப்பாம சொல்லும்மா!”

அவள் சொன்னாள். வரைபடத்தின் ஓரத்தில் வேறு நிறத்தில் ஒரு புள்ளி வைக்கலாம் என்றார் வெள்ளைக்காரர்.

“ஓரத்துல ஒண்ணும் வேணாம்,” என்று மெர்வினே இணைப்பைத் துண்டித்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.