ஹவில்தார் தட்டு வீசினார்

இருபத்து நாலு வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற ஜெபசிங்குக்குத் தெரியாத விஷயம் தென்காசியில் எதுவும் கிடையாது. புதிதாக ஏதாவது வந்தால், மறுநாளே தெரிந்துகொண்டுவிடுவார். குற்றாலம் போகும் வழியில் ஒரு தோப்புக்குள் டிஸ்க் கோல்ஃப் திடல் திறந்தபோதும் அப்படித்தான். பறக்கும் தட்டை வீசி, சங்கிலி தொங்கும் கம்பிக்கூடையில் விழவைக்க வேண்டும். மொத்தம் ஒன்பது கூடை. குறைந்த வீச்சில் முடிப்பவர் கெட்டிக்காரர். இதைப் பதினோரு பேருக்கு விளக்கிவிட்டார். அந்தத் தட்டை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

சாரல் தூறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு மனைவி ஜாயைக் கூட்டிக்கொண்டு போனார். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஜாய் விளையாடப் போகவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனாள். வாசலில் 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று பலகை. அதைப் படித்ததும் ஜெபசிங்கின் முகம் சுண்டியது. கஷ்டமான திடல் வேறு இருக்கிறதா என்று தட்டு கொடுக்கும் மாஜிதாவிடம் விசாரித்தார். இது ஒன்றுதான் என்றாள். தட்டை எப்படிப் பிடிப்பது, இடுப்பை எப்படித் திருப்புவது என்று சொல்ல ஆரம்பித்தவளைக் கையமர்த்தினார்.

“நான் கையெறி குண்டு வீசுனவன்மா. எனக்கா சொல்லித் தார?”

முதல் தட்டைக் குண்டு மாதிரியே தலைக்கு மேலே ஓங்கி வீசினார். அது பக்கத்துப் பலாமரத்தில் தஞ்சம் புகுந்தது. அடுத்தது ஓடையில். காற்று சரியில்லை என்றார். மூன்றாவது கூடையில் தட்டு சரியில்லை. நான்காவதில், கூடையை நட்டவனுக்குத் திசையே தெரியவில்லை. ஐந்தாவதில் ஒரு குரங்கு அவருடைய தட்டை எடுத்து முகர்ந்து, தின்ன ஆகாது என்று கண்டு, கூடைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனது. அதுவரை அவர் தட்டு கூடையை அவ்வளவு நெருங்கியதில்லை.

மாஜிதா ஜாயிடமும் ஒரு தட்டை நீட்டினாள். அவள் சொல்லிக்கொடுத்தபடி ஜாய் பக்கவாட்டில் வீச, மூன்றாம் வீச்சில் தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தது. அதிர்ஷ்டம் என்றார் ஜெபசிங். ஆறாவது கூடையிலும் அதே அதிர்ஷ்டம்.

ஏழாவதில் அவர் ஓங்கிய கை பாதியில் நின்றது. தட்டு காலடியில் விழுந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். மாஜிதா எட்டத்தில் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு வருசமா இந்தக் கையத் தூக்குனா வலி உசுரு போவுதுட்டி. ஒங்கிட்ட சொல்லல.”

“எனக்குத் தெரியும். நீங்க சட்டை மாட்டுதத தெனமும் பாக்கேம்லா.”

இரண்டு வருடமாகக் கட்டிக்காத்த ராணுவ ரகசியம் முதல் நாளே கசிந்திருந்தது. பின்னே ஏன் கேட்கவில்லை என்றார்.

“கேட்டா, வலியே இல்லன்னு ரெண்டு கொடம் தண்ணியத் தூக்கிக் காட்டிருப்பிய.”

தூக்கித்தான் காட்டியிருப்பார்.

வீட்டுக்குப் போவோமா என்று ஜாய் கேட்டாள். அவர் மாஜிதாவைக் கூப்பிட்டு, இடது கையால் எப்படி வீசுவது என்று கேட்டார். வாழ்க்கையில் அவர் கேட்ட முதல் சந்தேகம் அதுவாக இருக்கலாம். ஒன்பதாவது கூடையில், ஆறாம் வீச்சில், சங்கிலி கலகலத்தது. அவர் சிரித்ததைப் பார்த்து ஜாய்க்குக் கண் கலங்கிவிட்டது. மொத்தம் எண்பத்து மூன்று வீச்சு. ஐந்தே கூடை ஆடிய ஜாய்க்குப் பதினேழு.

மறுநாள் ஜாய் லீவு போட்டு அவரை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். தோள் மெல்ல இளகிவருகிறது. ஞாயிறுதோறும் இடது கையால் ஆடுகிறார். வலது கையை எடுத்தால் மற்றவர்கள் பாவம் என்று விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். ஜாய் மறுத்துப் பேசுவதில்லை. அதற்குள் அவள் அடுத்த கூடைக்குப் போயிருப்பாள்.