மேட்டுத் தெரு வால்வு

ஊரில் பாதிப் பேர் அவளைச் சாவிக்காரி என்றார்கள், மீதிப் பேர் அக்கா என்றார்கள். சாவி என்றால் பூட்டுச் சாவி அல்ல. தெருவுக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாயின் வால்வைத் திருகுகிற இரும்புக் கம்பி. அவள் தோள் உயரம் இருக்கும், தலையில் குறுக்காக ஒரு பிடி. நகராட்சியில் அந்த வேலையைப் பார்த்துவந்த கணவன் மாரடைப்பில் போனபிறகு, வாரிசு என்ற முறையில் அவளுக்கு வந்தது. முதல் நாள் வால்வுக் குழியின் இரும்பு மூடியை அவள் நெம்பித் தூக்கியபோது, டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பாத்தும்மா, ஊரையே நனைச்சுடாத," என்றார் ஒருவர்.

அவள் சாவியைக் குழிக்குள் இறக்கினாள். வால்வைத் திருகுவதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அந்த வேலையில் கஷ்டம் என்பது அன்றைக்கே பிடிபட்டுவிட்டது.

அப்போதெல்லாம் தண்ணீர் தினமும் வந்தது. அவள் ஒரு தெருவைத் திறந்து, அடுத்த தெருவுக்கு நடந்து, பிறகு திரும்பி வந்து மூடுவாள். வழியில் யாராவது கூப்பிட்டு உட்காரச் சொல்வார்கள். ஒரே மகளை அதே ஊரில், மேட்டுத் தெருவில் கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற கடை. கல்யாணத்தன்று சம்பந்தியம்மா எல்லோர் காதிலும் விழும்படி, "இனிமே எங்க வீட்டுல தண்ணிக் கஷ்டமே கிடையாது, பொண்ணு குழாயோட வந்திருக்கா," என்றாள். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

பிறகு மழை வரிசையாக ஏமாற்றியது. ஊருக்கு வெளியே இருந்த ஏரி ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே போய், நடுவில் ஒரு பச்சைக் குட்டையாக நின்றது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானது; பிறகு வாரத்துக்கு ஒருமுறை. "சாப்பிட்டியாக்கா" என்று கேட்டவர்கள் "எப்பத் திறப்ப" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார், எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் என்று படம் பிடிக்க.

"சார், வெயில் ஏறுது, குடையாவது எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள்.

"நீ உன் வேலையப் பாரு, நான் என் வேலையப் பாக்கறேன்."

மேட்டுத் தெருதான் முதலில் காய்ந்தது. ஊர் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தால்தான் அந்த மேட்டுக்கு ஏறும். வாரத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்தாலும், அங்கே குழாய் கொஞ்ச நேரம் உஸ்ஸென்று காற்றைத் துப்பிவிட்டு, அரைக் குடத்தோடு நின்றுவிடும்.

ஒரு மத்தியானம் சம்பந்தியம்மா அவள் வீட்டுக்கு வந்தாள். மேட்டை விட்டு இறங்கி வருகிற ஆள் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்கள எதுவும் கேட்டது இல்ல," என்று ஆரம்பித்தாள். "கீழ்த் தெருவக் கொஞ்சம் முன்னாடி மூடிட்டு, எங்களுக்குக் கொஞ்சம் நேரம் கூட விட்டா என்ன. யாருக்குத் தெரியப்போகுது?"

"எல்லாருக்கும் தெரியும் சம்பந்தி. கீழ்த் தெருவுல குடத்த வெச்சுக்கிட்டு நிக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"என் வீட்டுக்குப் பிடிக்கிற தண்ணியில ரெண்டு குடம் நான் தூக்கிட்டு வந்து தர்றேன்," என்றாள்.

சம்பந்தியம்மா எழுந்துகொண்டாள். "ஊருக்கே ஆறா விடுற கை, மகளுக்கு ரெண்டு குடம். சரி, குடுங்க."

தண்ணீர் முறை வந்த நாளெல்லாம் வேலை முடிந்ததும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அவள் மேடு ஏறினாள். மகள் கேட்டிலேயே வாங்கிக்கொள்வாள். "உள்ள வாம்மா" என்பாள், குரலைத் தாழ்த்தி. உள்ளே மாமியார் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும். "இல்ல பாப்பா, வேலை கிடக்கு" என்று அம்மா திரும்பிவிடுவாள். வேலை ஒன்றும் கிடக்காது.

கோடையில் நகராட்சிப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணெல்லாம் சிவந்து, பல நாள் தூங்காதவர் போல இருந்தார்.

"மேட்டுத் தெரு வால்வ நிரந்தரமா மூடிடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்மா. அந்தப் பக்கத்துப் பழைய குழாய்ல பாதிக்கு மேல மண்ணுக்குள்ளயே ஒழுகிப் போகுது. அவங்களுக்கும் ஏறல, மத்தவங்களுக்கும் அழுத்தம் குறையுது. லாரியில அனுப்பிடலாம்."

"அதுதான் சார் சரி," என்றாள் அவள்.

"உங்க பொண்ணு அங்கதானே. வேற ஆள அனுப்பட்டுமா?"

"வேணாம் சார். வேற ஆள் மூடினா, நான் ஒளிஞ்சுக்கிட்டேன்னு ஆயிடும்."

மறுநாள் காலை சாவியோடு மேடு ஏறினாள். செய்தி முன்பே போயிருந்தது. வீட்டு வாசல்களில் பெண்கள் நின்றார்கள்; யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவள் மூடியை நெம்பி, சாவியைக் குழிக்குள் இறக்கித் திருகினாள். இனி திரும்பாது என்கிற இடம் வந்ததும், இன்னும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். நிமிர்ந்தபோது மகள் எதிரில் இருந்தாள்.

"நீயே வரணுமாம்மா?"

"யாராவது வரணும்ல பாப்பா."

"எங்க வீட்டுல என்னைப் பத்தி என்ன பேசுவாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சியா?"

"நினைச்சேன்," என்றாள் அம்மா. உண்மைதான். ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

லாரி வந்தது, சொன்ன நாளில் அல்ல, வந்த நாளில். செங்குத்தான ஏற்றம் என்பதால் டிரைவர் மேலே ஏற்ற மாட்டேன் என்று மேட்டுக்குக் கீழேயே நிறுத்தினார். அங்கிருந்து எல்லோரும் குடத்தோடு ஏறினார்கள். அந்தக் கூட்டத்தில் நனைந்த கல்லில் வழுக்கி விழுந்து சம்பந்தியம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. செய்தி கேட்டு அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது வார்டு வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். மரியாதையான பிள்ளை, குரலை உயர்த்தவில்லை.

"இப்ப பாக்க வேணாம் அத்தை. உங்களப் பாத்தா அம்மாவுக்கு இன்னும் வலிக்கும்."

அவள் வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கொண்டுபோன பழத்தைப் அங்கே படுத்திருந்த ஒரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மேட்டுக்குக் குடம் தூக்குவதை மட்டும் நிறுத்தவில்லை. மகள் கதவைத் திறப்பதில்லை. கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு வருவாள்; அடுத்த முறை போகும்போது காலிக் குடங்கள் கவிழ்த்து வைத்திருக்கும். அந்தக் கவிழ்த்த குடங்களே அவளுக்குப் போதுமாக இருந்தன. மகள்தானே எடுத்திருக்கிறாள்.

ஒருநாள் குடம் நிறைந்தபடியே இருந்தது. மேலே தூசி படிந்திருந்தது. கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"போன வாரமே போயிட்டாங்கக்கா. உங்க மாப்பிள்ளையோட அண்ணன் ஊர்ல கடை பாத்துட்டாங்களாம். உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாங்க, சொன்னாங்க. நான்தான் தேதிய மறந்துட்டேன்," என்றாள் அவள். பக்கத்து வீட்டுப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தத் தண்ணிய நான் எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். "எடுத்துக்கோம்மா."

சில வாரம் கழித்து மகளே போன் செய்தாள். மாமியார் கோலூன்றி நடக்கிறார், கடை பரவாயில்லை, வீடு சின்னது என்றெல்லாம் சொன்னாள். அம்மா ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். போனை வைக்கும் முன்தான் மகள் அதைச் சொன்னாள்.

"இங்க குழாயில தண்ணி வருதும்மா. யார் திறந்துவிடுறாங்கன்னே எனக்குத் தெரியாது. அது பெரிய நிம்மதியா இருக்கு."

"நல்லதுதானே பாப்பா," என்றாள் அம்மா.

கோபமில்லாமல் சொன்னதால்தான் அது அவளை அவ்வளவு ஆழமாய்க் குத்தியது. வாத்தியார் படம் பிடித்தபோதும், சம்பந்தியம்மா எழுந்து போனபோதும், தான் செய்தது சரி என்ற ஒன்று உள்ளே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போதும் சரிதான் என்றுதான் தோன்றியது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்த வருடம் ஓரளவு மழை பெய்தது. ஏரி கால்வாசி நிறைந்தது. மேட்டுத் தெருவின் பழைய குழாயை மாற்றிவிட்டு, வால்வைத் திறக்கச் சொன்னார் பொறியாளர். துரு ஏறி இறுகிக் கிடந்ததால் உதவிக்கு இன்னொரு ஆளும் சேர்ந்து திருக வேண்டியிருந்தது. குழாய்கள் இருமி, செந்நிறமாகக் கக்கி, மெல்லத் தெளிந்தன. தெருவில் பாதி வீடுகள் பூட்டியே கிடந்தன. இருந்தவர்கள் குடத்தோடு வெளியே வந்தார்கள். ஒரு பெண் மட்டும் அவளிடம், "இனிமே எந்த நாள் வரும்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மகள் இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறாள். உடம்பு, கடை, மாமியார் என்று பேச்சு சுற்றி வந்து முடிந்துவிடும். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுகிறது என்பதை அம்மா இதுவரை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், திரும்பி வா என்று கேட்பதுபோல் ஆகிவிடும். அதற்கு மகள் என்ன சொல்வாள் என்பது அவளுக்குத் தெரியும்.