கொழுப்பு காட்டும் மெஷின்

அண்ணனின் கல்லீரல் முழுக்கக் கெட்டுவிட்டது, வேறொருவர் தன்னுடையதில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று மருத்துவர் சொன்னார். அண்ணியின் ரத்த வகை சேரவில்லை. பிள்ளைகள் சிறியவர்கள். எனக்கு அண்ணனுடைய வகைதான். "நான் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். என் கணவர் பயந்தார், ஆனால் தடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து என்னை ஸ்கேன் செய்து பார்த்த மருத்துவர் தலையை ஆட்டினார்.

"உங்க லிவர்லயே கொழுப்பு நிறைய இருக்கும்மா. இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் சரியா வேலை செய்யாது. சாப்பாட்டைக் குறைங்க, நடங்க. ரெண்டு மாசத்துல மறுபடி பார்ப்போம்."

"அதுவரைக்கும் அண்ணன் தாங்குவாரா டாக்டர்?"

"தாங்கணும்" என்றார்.

அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். குடித்துக் கெட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் குடித்ததே கிடையாது. எப்போதோ ரத்தத்தில் தொற்றிய காமாலைக் கிருமி உள்ளேயே இருந்து தின்றுவிட்டது. கால்கள் வீங்கி, வயிறு உப்பி, பகலெல்லாம் தூங்கிக் கிடந்தார். நானோ எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் பாஸ் போடுகிறவள். நாள் முழுக்க நாற்காலி, டீ, பிஸ்கட், மறுபடி டீ. என் உடம்பைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இப்போது அது அண்ணனின் உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது.

டோல்கேட் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே கொழுப்பு காட்டும் மெஷின் ஒன்று இருந்தது. வெறுங்காலுடன் ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தால், உடம்பில் நூற்றுக்கு எவ்வளவு கொழுப்பு என்று எண் வரும். முதல் நாள் முப்பத்தெட்டு. சோற்றைப் பாதியாக்கினேன். சர்க்கரையை விட்டேன். வேலைக்குப் போகும் முன் திருவொற்றியூர் கடலோரச் சாலையில் லாரி வரிசையை ஒட்டி நடந்தேன். இரண்டு வாரத்தில் முப்பத்தாறு. அன்றே அண்ணிக்கு போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் அழுதாள்.

அடுத்த வாரம் எடை குறைந்திருந்தது. ஆனால் மெஷின் முப்பத்தொன்பது காட்டியது.

ஜிம் மாஸ்டர் "சில நாள் அப்டித்தாங்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அண்ணியிடம் என்ன சொல்வது? அன்று இரவு ஒரு சப்பாத்தியோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாள் நடந்த பிறகு தண்ணீர்கூட அளந்துதான் குடித்தேன். தண்ணீரைக் குறைத்தால் எண்ணும் இறங்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். சனிக்கிழமை ஏறி நின்றேன். நாற்பது.

அன்று மாலை அண்ணி நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டாள். எண்ணைக் கேட்டாள். சொன்னேன்.

"ஏறிகினே போதே, எப்டி?" என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "மெய்யாலுமே நீ ஒண்ணும் துன்றது இல்லியா? யார்டுல டீயோட எதுனா துன்னுகினு கீறியா?"

"அண்ணி, சத்தியமா இல்ல."

"அப்ப எப்டி ஏறும்? அங்க அவுரு வவுறு உப்பிப் படுத்துகினு கீறாரு. உனக்குக் குடுக்க மனசு இல்லன்னா இப்பவே சொல்லிடு. நான் வேற எங்கனா போய் நிக்கிறேன்."

அந்த வார்த்தை என்னை அறைந்த மாதிரி இருந்தது. செருப்பை மாட்டினேன். "வா. உன் கண்ணாலயே பாரு" என்று அவளை ஆட்டோவில் ஏற்றி ஜிம்முக்கு அழைத்துப்போனேன்.

வழியில் அவளே தண்ணீர் பாட்டில் வாங்கி நீட்டினாள். தாகத்தில் முழுவதையும் குடித்துவிட்டேன். மெஷினில் ஏறினேன். முப்பத்தேழு. காலையில் நாற்பது காட்டிய அதே மெஷின்.

அண்ணி எண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எறங்கு. இன்னொரு தபா ஏறு."

ஏறினேன். முப்பத்தைந்தரை.

பிறகு அவள் தானே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அண்ணன் படுத்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் கன்னம் ஒட்டிப்போயிருந்தவள். அவளுக்கு முப்பத்து நான்கு வந்தது.

"இன்னா மாஸ்டர் இது?" என்று கத்தினாள். "எம்மேல எங்கய்யா கீது கொழுப்பு?"

ஜிம்மில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் சங்கடத்துடன் சொன்னார்: "அக்கா, அது உள்ள கரண்ட் வுட்டுக் கணக்குப் போடுது. வேர்த்துட்டு வந்தா ஒண்ணு காட்டும், தண்ணி குடிச்சா ஒண்ணு காட்டும். ஒடம்புல தண்ணி கொறைஞ்சா கொழுப்பு ஏறின மாதிரிதான் தெரியும். லிவர்ல இருக்குறதெல்லாம் இதுக்குத் தெரியாது."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஆத்திரம் அடங்கியதும் பயம் வந்தது. அந்த எண் பொய் என்றால், என் கல்லீரலில் கொழுப்பு குறைகிறதா இல்லையா என்று ஸ்கேன் வரை தெரியப்போவதில்லை. குறையாவிட்டால் அண்ணனுக்கு இன்னொரு இரண்டு மாதம் கிடையாது. முட்டாள்தனமான எண்ணாக இருந்தாலும் அதையாவது பிடித்துக்கொண்டிருந்தேன். இனி எதைப் பார்த்து நடப்பது?

அண்ணி காலித் தண்ணீர் பாட்டிலை நசுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு, "காலீல நானும் வரேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து வந்தாள். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் முழுக்கப் போகவும் இல்லை. முட்டி வலிக்கும், சில நாள் காற்றில் தொழிற்சாலை வாடை வந்து தொண்டை எரியும், திரும்பிவிடலாமா என்று தோன்றும். சாலை முனையில் துப்பட்டாவால் மூக்கை மூடியபடி அவள் நிற்பதைப் பார்த்தால் திரும்ப முடியாது.

ஸ்கேனுக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணன் காலையில் எழுந்து, "படகு எங்க? யாரு எட்த்தது?" என்று பிதற்றினார். பெற்ற பெண்ணையே அடையாளம் தெரியவில்லை. கல்லீரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறிவிட்டது என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் கிளம்ப, அண்ணி போனில் தடுத்தாள்.

"இங்க வந்து இன்னா பண்ணப் போற? நீ நட பாப்பா. அது ஒண்ணுதான் நம்ம கைல கீது."

அண்ணன் மட்டும்தான் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார். அன்று அழுதுகொண்டே நடந்தேன். லாரி டிரைவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஸ்கேன் அன்று மருத்துவர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அண்ணி என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"எடை பெருசா குறையல" என்றார். "ஆனா லிவர்ல நல்லாவே குறைஞ்சிருக்கு. எடுக்கலாம்."

அண்ணி மருத்துவரைக் கும்பிட்டாள். வெளியே வந்ததும் முதலில் கேட்டது, "பசிக்குதா?"

அறுவை சிகிச்சை ஒரு பகல் முழுக்க நடந்ததாம். சில நாள் கழித்து நர்ஸ் என்னைப் பிடித்து நடக்க வைத்தாள். தையல் இழுக்க, சுவரைப் பிடித்தபடி அண்ணன் இருந்த அறை வரை போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார். வாயை அசைத்து ஏதோ கேட்டார். புரியவில்லை. உள்ளே இருந்த நர்ஸ் கதவைத் திறந்து சிரித்தபடி சொன்னாள்:

"கடலுக்கு எப்பப் போலாம்னு கேக்குறாரு."

சிரித்தேன். தையல் சுரீரென்று வலித்தது. சுவரோரமாக அப்படியே நின்றுகொண்டேன்.