இறக்கிய பாய்

எனக்குத் தண்ணீர் என்றால் கிணறுதான். வாளியை விட்டால் மேலே வரும், வேண்டாமென்றால் கிடந்த இடத்தில் கிடக்கும். கீரமங்கலத்தில் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் நடுவில் வளர்ந்தவளை, என் அத்தா ஜெகதாப்பட்டினத்தில் கடலுக்கு நேர் எதிரே இருந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக வத்தை இருக்கிறதென்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வத்தை என்றால் பாய் கட்டி ஓட்டுகிற ஒடுக்கமான மரப்படகு. அது கவிழும் என்பதை மட்டும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. மோட்டார் வைத்த படகு எங்கள் கரைக்கு வந்திருக்கவில்லை. எல்லாம் காற்றை நம்பித்தான். ஊர் இளவட்டங்கள் சேர்ந்து ஒரு பாய்மரச் சங்கம் வைத்திருந்தார்கள். சங்கம் என்றால் கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை, அதற்குள் ஒரு பெஞ்சு, ஒரு பீரோ, பீரோவுக்குள் ஒரு கோப்பை. அந்தக் கோப்பையில் யாரும் ஒரு வாய் டீ குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்காக உயிரை விடத் தயாராக இருந்தார்கள்.

வைகாசியில் காற்று எடுத்ததும் பந்தயம் ஆரம்பிக்கும், ஆடி வரைக்கும் ஓயாது. நம் கரையில் ஒன்று, மீமிசலில் ஒன்று, கட்டுமாவடியில் ஒன்று என்று கரையோரமாகவே பாய் விரித்துப் போவார்கள். போன ஊரில் பந்தயம், விருந்து, தங்கல், பேச்சு. அவர்கள் ஆட்டுக்கறி தின்று ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். இங்கே எனக்குக் கஞ்சி தொண்டையைத் தாண்டி இறங்காது.

பயமாக இருக்கிறதென்று சொன்னால் சிரிப்பார்கள். "இது பொம்பளைக் கடல் புள்ள, அலையே கெடையாது. ரொம்பத் தூரம் நடந்தாலும் இடுப்பு அளவுக்குத்தான் தண்ணி" என்பார் வீட்டுக்காரர். பொம்பளை என்றால் கோபம் வராதா என்று கேட்பேன். "வரும், ஒன்னையத்தான் தெனம் பாக்குறேனே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பந்தயப் படகுகள் சுற்றித் திரும்புவதற்காகக் கொடி நட்டிருக்கிற இடத்தில் இடுப்பளவா தண்ணீர்? மூன்று ஆள் ஆழம். அதை அவர் சொல்ல மாட்டார், கொழுந்தன் வாயிலிருந்து நானாகப் பிடுங்கித் தெரிந்துகொண்டேன்.

ஒரு படகில் நான்கு பேர். என் வீட்டுக்காரர் சுக்கானில், ஒருவர் பாய்க் கயிற்றில், மற்ற இருவர் குறுக்கே நீட்டிய பலகையில். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் பலகையில் ஏறி, கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு படகைச் சாயவிடாமல் பிடிக்க வேண்டும். பாரத்துக்காகப் படகின் அடியில் மணல் மூட்டைகள் கிடக்கும். காற்று செத்துவிட்டால் படகு ஓடுவதற்காக மூட்டைகளைக் கடலில் தள்ளிவிடுவார்கள். தள்ளிய பிறகு காற்று மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "வராது" என்றார். காற்று என்ன இவருடைய மாமன் மகனா, சொன்னபடி கேட்பதற்கு?

பாய் எல்லாமே மரப்பட்டைச் சாயம் ஏறிய செங்காவி நிறம். தூரத்தில் எது யாருடையதென்று தெரியாது. அதனால் என் பழைய பச்சைப் பாவாடையைக் கிழித்து அவர் பாயின் உச்சியில் ஒரு பட்டை தைத்து வைத்தேன். பாவாடை பறக்குதென்று ஊரில் கேலி செய்தார்கள். செய்யட்டுமே, எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் படகு கரை தொட்டுவிட்டால், தோற்றவர்கள் பாயோடு வரக் கூடாது. நடுக்கடலிலேயே பாயை இறக்கி, மரத்தையும் சாய்த்துப் போட்டுவிட்டு, துடுப்பு வலித்துத் தெற்கே முள்ளுக்காட்டுப் பக்கம் ஒதுங்குவார்கள். யாரும் எதிரே போகக் கூடாது, அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது. வீட்டில் சோற்றைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பாய் இறக்கியவனைத் தேடிப் படகு விட்டால், உனக்கு வீடு திரும்பக்கூடத் துப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

எனக்கு இதெல்லாம் தெரியாது. வைகாசியில் நம் கரையில் நடந்த முதல் பந்தயத்தில், பனைமட்டை வேலிக்குப் பின்னால் பெண்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைப் பட்டை தெரிந்தது, தெரிந்தது, பிறகு இல்லை. தலையில் போட்டிருந்த துப்பட்டி நழுவுவதுகூடத் தெரியாமல் சங்கக் கொட்டகைக்கு ஓடி, "கவுந்துருச்சு, போங்க, போங்க" என்று கத்தினேன். நான் கத்திய கத்தலில் என் கொழுந்தனும் பயந்துபோய், ஆளைத் திரட்டி இரண்டு வத்தையைத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே நான்கு பேரும் சுருட்டிய பாய் மேல் உட்கார்ந்து நிதானமாகத் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தார்களாம்.

பிறகு கேட்க வேண்டுமா? "என்ன மச்சான், வீட்டுல கேட்டுட்டுத்தான் பாய எறக்குவீங்களா?" என்று டீக்கடையில் ஒருவர். "கடலுக்குப் போலீஸ் வந்துருச்சு டோய்" என்று இன்னொருவர். இவர் வீட்டுக்கு வந்து செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துத் தன் தலை மேல் வைத்துக்கொண்டார்.

"இனிமே எனக்காக ஒரு படகு கரையவிட்டு நகரக் கூடாது. சத்தியம் பண்ணு."

"மச்சான், தலை மேல வேண்டாங்க."

"பண்ணு."

பண்ணினேன். உள்ளே மாமி, அதாவது அவருடைய அம்மா, மீன் கழுவிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு அந்த சீசன் முழுக்க நான் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். பாய் மறையும், நான் மணலில் உட்காருவேன். முன்னாலாவது பயந்தால் கத்தலாம். இப்போது கத்தினால் சத்தியம் அவர் தலையில் விடியும், கத்தாவிட்டால் கடல் கொண்டுபோகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் உயிர்தான். ஆனியில் ஒருமுறை தோற்று, பொழுது இறங்கி மஃரிபு தொழுகை நேரத்துக்கு முள்ளுக்காட்டு வழியாக நடந்து வந்தார். சோறு போட்டேன், வாயைத் திறக்கவில்லை. "பரவால்லயே, தேறிட்டியே" என்றார். சட்டியைத் தூக்கி அவர் முன்னால் போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

ஆடியில் கடைசிப் பந்தயம், நம் கரையிலேயே. காலையிலிருந்தே காற்று சரியில்லை. ஒரு நேரம் கீற்றைப் பிய்க்கிறது, ஒரு நேரம் அடங்கிக் கிடக்கிறது. "இன்னைக்கு வேண்டாங்க" என்றேன். கடைசிப் பந்தயத்தில் நிற்காவிட்டால் பேடி என்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் லுஹர் தொழுகை முடிந்து படகுகள் கிளம்பின. போகும்போது பாதியில் காற்று செத்துப்போய், எல்லாரும் மணல் மூட்டைகளைத் தள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. பிறகு காற்று எடுத்தது. கொடியை இரண்டாவதாகச் சுற்றிக்கொண்டு பச்சைப் பட்டை திரும்பியது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இமைகூடக் கொட்டவில்லை. ஒரு பலத்த காற்று வேலியை உலுக்கிவிட்டுப் போனது. பட்டை இல்லை.

முதல் படகு கரை தொட்டது. கொட்டு அடித்தார்கள், பரிசுக் கடாவுக்கு மாலை போட்டார்கள். மற்ற பாய்களும் ஒவ்வொன்றாக இறங்கின. முள்ளுக்காட்டுப் பக்கம் ஒன்று ஒதுங்கியது, இன்னொன்று ஒதுங்கியது, எல்லாம் ஒதுங்கின. இவருடையது மட்டும் வரவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

கொழுந்தனிடம் போய் மெதுவாகத்தான் சொன்னேன். "தம்பி, முதல் படகு கரைக்கு வர்றதுக்கு முந்தியே அவுக பாய் மறைஞ்சிருச்சு. ரெண்டாவதா வந்துக்கிட்டிருந்தவுக எதுக்குப் பாய எறக்கணும்?"

அவர் முகம் மாறியது. ஆனால் பக்கத்தில் நின்ற சங்கத் தலைவர் சிரித்தார். "கயிறு அறுந்திருக்கும்மா. முன்னால வந்துட்டுத் தோத்தா வெக்கம் இன்னும் சாஸ்தி. இருட்டுனதும் வருவான். வைகாசியில நீ செஞ்சதுக்கே அவனால தெருவுல தலை நிமிர முடியல, மறுபடி படகு விடச் சொல்றியா?"

என் உள்ளங்கையில் அவர் தலைமுடி இன்னும் இருப்பதுபோல இருந்தது. படகு விடுங்கள் என்று சொன்னால் அந்தத் தலை போய்விடும். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதே என்று மரியாதையாகக் கடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதையில் தீயை வைக்க.

அப்போதுதான் மாமி என் பக்கத்தில் வந்து நின்றது. கையில் தஸ்பீஹ் மணி, ஆனால் உருட்டவில்லை. அதுவும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அன்னைக்கு எது மேல சத்தியம் பண்ணுன?"

"அவுக தலை மேல மாமி."

"அல்லா மேல பண்ணுனியா?"

"இல்ல."

"அப்ப அது செல்லாது. அல்லாவத் தவிர வேற எது மேல பண்ணுனாலும் அது சத்தியமே இல்ல. அன்னைக்கே சொல்லிருப்பேன், நீ கொஞ்ச நாளு வாய மூடிக் கெடக்கட்டும்னு விட்டுட்டேன்." மாமியின் தாடை ஆடியது. "எந்திரி. போ."

எழுந்தேன். கொழுந்தன் தயங்கினார். "அண்ணன் என்னையக் கொன்னுபுடும் அண்ணி."

"நீங்க அவுகளத் தேடிப் போக வேண்டாம். அண்ணிக்குக் கடல் பாக்க ஆசையா இருந்துச்சு, ஏத்திட்டுப் போனேன்னு சொல்லுங்க" என்று வத்தையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பொம்பளை ஏறிவிட்டாளே என்று தலைவர் என்னவோ சொன்னார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் அடங்கிவிட்டார்.

அதுதான் நான் முதல்முதலாகக் கடலில் ஏறியது. காலுக்கு அடியில் ஒரு பலகை, அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை என்ற நினைப்பிலேயே வாந்தி எடுத்தேன். படகு சாயும்போதெல்லாம் கலிமா சொன்னேன். கொழுந்தனும் அவருடைய கூட்டாளியும் பாயைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கரை ஒரு கோடாகிவிட்டது. நான்கு பக்கமும் தண்ணீர், பிடித்துக்கொள்ள ஒரு செடி கிடையாது. இப்போதே அழுதுவிட வேண்டும், பிறகு அழ நேரம் இருக்குமோ என்னவோ என்று அழுதேன்.

கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. மீன் என்றுதான் நினைத்தேன். "வத்தை" என்றார் கொழுந்தன். கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றித் தலைகள். எண்ணப் பயமாக இருந்து கண்ணை மூடிக்கொண்டேன். கொழுந்தன் எண்ணினார். நான்கு.

ஒவ்வொருவராக இழுத்துப் போட்டோம். ஒருவருக்குப் பேச்சு வரவில்லை, பல் அடித்துக்கொண்டே இருந்தது. வீடு திரும்பிய படகுகள் கூப்பிடு தூரத்தில்தான் போயினவாம். இவர்கள் கத்தினார்களாம். காற்றுச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, பாய் இறக்கியவர்கள் என்று நினைத்து எல்லாரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்களாம்.

இவரைக் கடைசியில் ஏற்றினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. கவிழ்ந்த வத்தையைப் பிடித்துப் பிடித்துக் கை விரல் மடங்கவில்லை. என் துப்பட்டியைக் கழற்றிச் சுற்றிவிட்டேன். அடிப்பாரோ, சத்தியத்தை மீறிவிட்டாயே என்பாரோ என்று அப்போதும் எனக்குப் பயம்தான்.

பாய்க் கயிற்றுக்காரர் நடுங்கிக்கொண்டே சொன்னார். "அப்பலேருந்து இதத்தான் தங்கச்சி சொல்லிக்கிட்டு இருந்தாரு. 'பிடிய விட்றாதீங்கடா, என் வீட்டுக்காரி பயந்தாங்கொள்ளி, இந்நேரம் கத்த ஆரம்பிச்சிருப்பா, படகு வந்துரும்'னு."

நான் இவரைப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"ஏன் புள்ள இவ்வளவு நேரம்?"