பால்ச்சட்டியில் அவித்த வால்வு

முதலில் சந்தோசமான செய்தி.

என் மகன் ரவியின் மூத்தவள் கனடாவில் டொக்டர் படிப்பை முடித்துவிட்டாள். அடுத்தவன் நீச்சலில் முதலாவதாக வந்து பெரிய கப் ஒன்று வாங்கியிருக்கிறான். கடைக்குட்டி மேடையில் ஏறி, தாளைப் பாராமல் தேவாரம் பாடியிருக்கிறாள். மூன்று படத்தையும் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளவத்தை மாக்கெற்றில் கீரை விற்கிற பிள்ளைக்கும் காட்டினேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மணம் வந்தது... சுட்ட இரும்பில் துருத்தண்ணீர் பட்டுக் கிளம்புகிற மணம். ரவி போன நாளின் மணம் அதுதான்.

அன்று பின்னேரம் அவனுக்குப் பிளேன். காலையில் கொட்டாஞ்சேனைக் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டுத் திரும்பினோம். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது காரின் பொனற்றுக்குள் இருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

அந்த நாட்களைத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கொழும்பில் தமிழ் இளந்தாரிகளை ஆமிக்காரர் வழியில் மறித்து இறக்கிக்கொண்டு போன காலம் அது. வாடகை வான் வண்டியில் போன பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேரவேயில்லை. சாரதி பயந்து அவனைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்துவிட்டான். அதனால் தன் பிள்ளையைத் தானே ஓட்டிக்கொண்டு போய் விடுவதென்று இவர் பிடிவாதமாக நின்றார். கார் ஓடாவிட்டால் ரவி போகமாட்டான். விட்ட பிளேனை மறுபடி பிடிக்க எங்களுக்கு வழியும் இல்லை.

ரவி பயணத்துக்குப் போட்டிருந்த புதுச் சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டான். பொனற்றைத் திறந்து குழாயைத் தொட்டுப் பார்த்தான்.

"மூடியிலை கை வையாதை. முகத்திலை அடிக்கும்!" என்று இவர் கத்தினார்.

"நான் என்ன சின்னப்பிள்ளையே அப்பா?"

"பெல்ற்றைப் பாத்தனியே?"

"இறுக்கமாத்தான் கிடக்கு. ஒழுக்கும் இல்லை. எஞ்சின் நெருப்பாக் கிடக்கு, ரேடியேற்றருக்குப் போற குழாய் சூடேறவே இல்லை. நடுவிலை வால்வுதான் அடைச்சு நிக்குது போல."

எஞ்சின் ஆறிய பிறகு அந்த வால்வைக் கழற்றிக்கொண்டு குசினிக்குள் வந்தான். ஒரு கோழிமுட்டை அளவுச் சாமான். சூடானதும் தானாக வாய் திறந்து தண்ணீருக்கு வழி விடுமாம்.

"அம்மா, பழைய சட்டி ஒண்டு தாங்கோ."

"காருக்கும் சோறு சமைக்கப் போறியோ?"

"ஓமம்மா. பயணம் போக முன்னம் அதுக்கும் வயிறு நிரம்பவேணுமெல்லே."

அவசரத்தில் என் கையில் அகப்பட்டது பால்ச்சட்டி. தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அகப்பைக் காம்பில் தொங்கவிட்டான். மூன்று பேரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வாய் திறந்தால் வால்வு நல்லது, கோளாறு எஞ்சினுக்குள்ளே. கராஜில் நாட்கணக்காகக் கிடக்கும். திறக்காவிட்டால் பழுது வால்வில்தான். அதை எறிந்துவிட்டு மூடிப் பூட்டினால் அன்றைக்குக் கார் ஓடும்.

"பிள்ளையாரே, திறக்கக்கூடாது" என்று இவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றார். நானும் அதே பிள்ளையாரைத்தான் கூப்பிட்டேன்... நான் கேட்டது வேறு. இங்கே இருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வால்வு வாயை இறுக மூடிக்கொண்டு தொங்கியது.

"அப்பாடா!" என்றான் ரவி.

நான் அடுப்பை நிறுத்தினேன்.

வால்வு இருந்த இடத்து மூடிக்குக் கீழே ஒழுகாமல் வைக்கிற கஸ்கற் மட்டை கிழிந்திருந்தது. புதுச் சேர்ட் வாங்கியபோது உள்ளே விறைப்புக்கு வைத்திருந்த மட்டையை எடுத்து வெட்டி, கிறீஸ் பூசி வைத்துப் பூட்டினான். ஒழுங்கையில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்கள். ஆவி வரவில்லை.

நல்ல நேரம் பார்த்துப் படி இறங்கினான். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். அப்போதுதான் அவன் தன் கையைப் பார்த்தான். முழங்கைவரை கறுப்பு.

"ஒருக்கா உள்ளுக்கு வந்து கழுவிப்போட்டு வாறன் அம்மா."

"வேண்டாம் ராசா. பயணத்துக்கு இறங்கினால் திரும்பிப் படி ஏறக்கூடாது."

வாளியும் சவர்க்காரமும் வாசல் கேற்றடிக்குக் கொண்டுபோய் நானே ஊற்றித் தேய்த்துவிட்டேன். கை வெளுத்தது. நகக்கண்ணில் இருந்த கிறீஸ் போகவில்லை.

"விடுங்கோ அம்மா. அங்கை போய்க் கழுவுறன்."

கார் ஒழுங்கை முடக்கில் திரும்பிவிட்டது. என் உள்ளங்கையிலும் அந்தக் கறுப்பு இருந்தது.

திரும்பி ஏறக்கூடாது என்று நான்தான் சொன்னேன்... அவன் இன்னும் ஏறவில்லை. முதலில் கனடாவில் தங்குகிற பேப்பர் இல்லை. பேப்பர் வந்தபோது லீவு இல்லை. அப்பாவின் செத்தவீட்டையும் போனில்தான் பார்த்தான். வேலைக்குப் போகிற வழியில் கூப்பிடுவான், குரல் மட்டும் வரும்.

காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்தாயிற்று. ஒழுங்கை முழுக்க இப்போது மாடி வீடுகள். யாருடைய காராவது கொதித்தால் போன் எடுக்கிறார்கள், லொறி வந்து தூக்கிக்கொண்டு போகிறது. ஒருவரும் குசினிக்குள் வந்து சட்டி கேட்பதில்லை. என் பால்ச்சட்டி மட்டும் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் எண்ணெய் மணக்கும், பால் காய்ச்ச ஏலாது.

ரவி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். பிள்ளைகளின் படம் எல்லாவற்றையும் நீதானே எடுக்கிறாய். அதனால் ஒன்றிலும் நீ இல்லை. அந்த நீச்சல் கப்பின் பளபளப்பில் படம் எடுக்கிற ஆள் ஒருவர் சின்னதாகத் தெரிந்தார். பெரிதாக்கினேன். கலங்கிப்போனது.

போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நீ முன்னுக்கு வந்து நின்று புதுப்படம் ஒன்று எடுத்துப் போடு ராசா.

இரண்டு கையும் தெரியவேண்டும்.